மரத்தரை போடும் முறையைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக்கு மரத்தரை போட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் பலகையைத்தான் தேடுகிறார்கள். ஓக்கா, தேக்கா, அகலம் எவ்வளவு, பளபளப்பா, மங்கலா என்று வாரக்கணக்கில் யோசித்து முன்பணமும் கொடுத்துவிடுகிறார்கள். அதை எப்படிப் பதிப்பது என்ற பேச்சு, வேலை தொடங்கும் நாளில்தான் வருகிறது. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்து கிளைப்பவை. பதிக்கும் முறையைத் தீர்மானிப்பது கீழே இருக்கும் தளம்தான். அது கான்கிரீட்டா பிளைவுட்டா, ஈரம் எவ்வளவு, மட்டம் எப்படி என்று தெரிந்த பிறகு பலகை வாங்கப் போனால் பாதிச் சிக்கல் வராது.

முறைகள் மூன்று: ஆணி அடிப்பது, பசையில் ஒட்டுவது, மிதக்க விடுவது. மிதக்கும் முறையில் பலகைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். தளத்தோடு ஒட்டாமல், மெல்லிய விரிப்பின் மேல் மொத்தத் தரையும் ஒரே தகடாகக் கிடக்கும். பலகையிலும் இரண்டு வகை உண்டு. முழுக்க ஒரே மரமாக இருப்பது சாலிட் வுட். குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய அடுக்குகளின் மேல் நல்ல மரத்தை ஒரு படலமாகப் பதித்தது இன்ஜினியர்டு வுட்.

கான்கிரீட்டும் சாலிட் பலகையும்

சாலிட் பலகை பொதுவாக 19 மி.மீ. தடிமன். ஆணி அடித்துப் பதிப்பதுதான் அதற்குப் பழக்கமான முறை, ஆணி பிடிக்கக் கீழே மரம் வேண்டும். மரம் ஈரத்தை இழுத்தால் அகலவாக்கில் விரியும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் அசைவு மிகக் குறைவு. மழைக்காலத்தில் மரக்கதவு இறுகுவதற்கும் இதுதான் காரணம். இன்ஜினியர்டு பலகையில் குறுக்கு அடுக்குகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் இந்த அசைவு குறைகிறது. அதனால் கான்கிரீட் தளத்துக்கு என் முதல் தேர்வு எப்போதும் இன்ஜினியர்டு பலகைதான்.

சாலிட்தான் வேண்டும் என்றால், ஈரத்தடுப்பு விரித்து, மேலே பிளைவுட் பதித்து, அதில் ஆணி அடிக்கலாம். முறை சரியானதுதான். ஆனால் 19 மி.மீ. பிளைவுட், 19 மி.மீ. பலகை என்று தரை கிட்டத்தட்ட 4 செ.மீ. உயர்ந்துவிடும். கதவுகளின் அடியை எல்லாம் அறுக்க வேண்டும். மாடிப்படியின் கடைசிப் படி மற்றவற்றைவிடக் குள்ளமாகி, இறங்குபவரின் கால் தடுமாறும். இந்தக் கணக்கைப் பலகை வாங்கும் முன்பே போட்டுப் பார்க்க வேண்டும். தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் அறையில் மட்டும் சாலிட் பலகை வேண்டவே வேண்டாம்.

ஈரம்: கண்ணை நம்புவது

வரும் புகார்களில் மிக மோசமானவை இங்கேதான் பிறக்கின்றன. கான்கிரீட்டின் மேற்பரப்பு சாம்பல் நிறத்தில், தொட்டால் உலர்வாக இருக்கும். உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். மேலே பலகை மூடியதும் அந்த ஈரத்துக்குப் போக்கிடம் இல்லாமல் மெல்ல மேலே வரும். "28 நாள் ஆகிவிட்டது, இனிப் போடலாம்" என்று சொல்பவர்கள் உண்டு. 28 நாள் என்பது கான்கிரீட் வலுப்பெறுவதற்கான கணக்கு. உலர்வது வேறு விஷயம். நல்ல காற்றோட்டம் இருந்தாலே 25 மி.மீ. தடிமனுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. 100 மி.மீ. தளத்துக்கு எவ்வளவு காலம் ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரியாகப் பார்க்க, தளத்தில் துளையிட்டு உள்ளே ஈரமானி வைப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் உலரும் தளம் என்றால், துளையின் ஆழம் தடிமனில் 40 சதவீதம் இருக்க வேண்டும். துளையை மூடி, உள்ளே காற்று சமநிலைக்கு வந்த பிறகே அளவு எடுக்க வேண்டும். எந்த அளவு வரை சரி என்பது பசைக்குப் பசை மாறும். பசை டப்பாவிலும் பலகைத் தயாரிப்பாளரின் கையேட்டிலும் அது இருக்கும். பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி வைத்துப் பார்க்கும் சோதனையும் உண்டு. தாளின் அடியில் நீர்த்துளி கண்டால் தளம் ஈரம் என்பது உறுதி. துளி இல்லையென்றால் தளம் உலர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிளைவுட் தளமாக இருந்தால், பிளைவுட்டின் ஈரத்தையும் பலகையின் ஈரத்தையும் ஒப்பிட வேண்டும். 3 அங்குலத்துக்குக் குறைவான சாலிட் பலகைக்கு வித்தியாசம் 4 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் போகக் கூடாது. அகலமான பலகைக்கு 2. "மூன்று நாள் வீட்டில் போட்டு வைத்தால் போதும், பலகை பழகிவிடும்" என்ற பேச்சை நம்பி இறங்காதீர்கள். முடிவு செய்ய வேண்டியது கருவி காட்டும் அளவு. பூச்சு வேலையும் பெயின்டும் முடியாத, ஜன்னல் மாட்டாத வீட்டில் பலகை எத்தனை நாள் கிடந்தாலும் அந்த ஈரத்துக்குத்தான் பழகும்.

கீழிருந்து ஈரம் ஏறினால் பலகையின் ஓரங்கள் தூக்கி, நடு குழியும். உடனே இழைத்துச் சமன்செய்யச் சொல்பவரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். ஈரத்தோடு இருக்கும்போதே ஓரங்களை இழைத்துவிட்டால், காய்ந்த பிறகு நடுப்பகுதி மேடாகி நிற்கும். முதலில் ஈரம் வரும் வழியை அடைக்க வேண்டும், அப்புறம்தான் இழைப்பு.

பசை

பசையில் ஒட்டிய தரை காலுக்குத் திடமாக இருக்கும், நடந்தால் வெற்றோசை வராது. தவறு நடப்பது பெரும்பாலும் கரணையில். பல் வைத்த கரணையின் பல் அளவு பசைக்கும் பலகைக்கும் ஏற்றபடி மாறும். தேய்ந்த பல்லால் இழுத்தால் பசை குறைந்துபோகும். வேலை நடக்கும்போது இப்போதுதான் பதித்த பலகை ஒன்றைத் தூக்கி, அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பசை கோடுகளாக நிற்காமல் அழுந்திப் பரவி, அடிப்பரப்பு ஏறக்குறைய முழுவதையும் மூடியிருக்க வேண்டும். அங்கங்கே மட்டும் பசை வைப்பது, தளத்துப் பள்ளத்தைப் பசையாலேயே நிரப்புவது இரண்டும் கூடாது. பழைய பெயின்ட், தூசி, கான்கிரீட்டின் மேல் அடித்த ரசாயனப் பூச்சு ஆகியவற்றை நீக்காமல் ஒட்டினால், பசை அந்தப் படலத்தைத்தான் பிடிக்கும். படலம் பெயர்ந்தால் தரையும் பெயரும். பழைய வீட்டில் கறுப்பு நிறத் தரைப்பசை தென்பட்டால் சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு, பரிசோதித்த பிறகே தொட வேண்டும்.

இன்னொன்று, ஒட்டிய தரையைப் பின்னாளில் கழற்றுவது பெரும்பாடு. சில வருடங்களில் மாற்றும் எண்ணம் இருந்தால் இந்த முறைக்கே போகாதீர்கள்.

மிதக்கும் தரை

இதை மட்டமான முறை என்று ஒதுக்குபவர்கள் பலர். எனக்கு அந்தக் கருத்து இல்லை. நல்ல இன்ஜினியர்டு பலகையை மேடுபள்ளமில்லாத தளத்தில் மிதக்க விட்டால் நன்றாகவே உழைக்கும். பின்னாளில் இழைத்துப் புதுப்பிக்க முடியுமா என்பது பெரும்பாலும் மேல் மரப்படலத்தின் தடிமனைப் பொறுத்தது.

மிதக்கும் தரைக்குத் தளத்தின் மட்டம் முக்கியம். 3 மீட்டர் நேர்கோலைத் தளத்தில் வைத்தால், அடியில் 5 மி.மீ.க்கு மேல் சந்து தெரியக் கூடாது. தளம் மட்டமில்லையே என்று விரிப்பை இரண்டு அடுக்காகப் போடுவது பெரிய தவறு. கால் வைக்கும்போதெல்லாம் பலகை அமுங்கி, கோத்த இடம் நாளடைவில் உடையும். தரை முழுவதும் ஒன்றாக அசைய வேண்டும் என்பதால் சுவரோரம் இடைவெளி தேவை. தயாரிப்பாளர்கள் பொதுவாக 10 மி.மீ. அளவில் கேட்கிறார்கள். ஸ்கர்ட்டிங் அந்த இடைவெளியை மறைத்துவிடும். அதைச் சிமென்டால் அடைப்பதும், தரையின் மேல் சமையலறை அலமாரியை வைத்துத் திருகி இறுக்குவதும் தரையைக் கட்டிப்போடுகிற வேலை. அலமாரியை முதலில் நிறுத்தி, அதைச் சுற்றித் தரை போட வேண்டும்.

ஆணி

ஆணி முறையில் கவனிக்க வேண்டியவை குறைவு. பலகை கீழுள்ள உத்திரங்களுக்குக் குறுக்காக ஓட வேண்டும். ஆணி பலகையின் நாக்கு (அடுத்த பலகையின் பள்ளத்தில் கோக்கும் ஓர நீட்டு) வழியாகச் சாய்வாக இறங்கும். ஆணிக்கு ஆணி 20 முதல் 25 செ.மீ. 5 அங்குலத்துக்கு மேல் அகலமான பலகைக்கு ஆணியோடு பசையும் சேர்ப்பது நல்லது. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டில் ஆணி சரியாக நிற்காது. தரைக்கு அடியில் வெப்பக் குழாய் ஓடும் வீட்டில் ஆணியை விட்டுவிட்டு மற்ற இரண்டு முறைகளைப் பாருங்கள்.

பலகைப் பெட்டியோடு வரும் கையேட்டில், அந்தப் பலகைக்கு எந்தெந்த முறை அனுமதி என்று அச்சிட்டிருக்கும். பணம் கட்டும் முன்பே அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதில் இல்லாத முறையில் பதித்தால் உத்தரவாதம் செல்லாமல் போகலாம். வேலையாள் எடுத்த ஈர அளவையும் மட்ட அளவையும் தேதி போட்டு எழுதி வாங்கி, ரசீதோடு சேர்த்து வையுங்கள். பின்னால் தரை உப்பினால் பேச்சுவார்த்தைக்கு அந்தத் தாள் தேவைப்படும்.