கோர விபத்துக்குப் பிறகு: இளம் தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழுநேரத் தீயணைப்பு வீரர் ஒரு கோர விபத்திலிருந்து திரும்பினால், கூட நின்றவர்களோடுதான் அந்த ஷிஃப்டை முடிப்பார். தன்னார்வலருக்கு அது கிடையாது. இரவு இரண்டு மணிக்கு நசுங்கிய காரை வெட்டி ஒருவரை வெளியே எடுத்திருப்பார். காலையில் வகுப்பிலோ வேலையிலோ எதுவும் நடக்காததுபோல் உட்கார்ந்திருக்க வேண்டும். சொந்த ஊரிலேயே சேவை செய்வதால் அடிபட்டவர் தெரிந்த முகமாகவும் இருந்துவிடலாம். பதினெட்டு, இருபது வயதில் இது சின்னப் பாரமில்லை. அதை இன்னும் கனக்க வைப்பவை, அதற்குப் பிறகு நாமும் நம் அணியும் செய்கிற சில தவறுகள்.

‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சமாளிப்பது

முதல் சில நாட்கள் தூக்கம் கெடும். கண்ணை மூடினால் அதே காட்சி வரும். கதவு படாரென்று சாத்தினால் உடம்பு தூக்கிப்போடும். வீட்டில் எரிந்து விழுவீர்கள், அல்லது எதுவுமே உறைக்காமல் மரத்துப்போயிருக்கும். இது கோழைத்தனமல்ல, பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணியும். மறைக்காதீர்கள். அதற்காக மூன்றாம் நாளே ‘எனக்குப் பி.டி.எஸ்.டி. வந்துவிட்டது’ என்று முடிவுகட்டவும் வேண்டாம். பி.டி.எஸ்.டி. என்பது பேரதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கும் மன உளைச்சல் கோளாறு. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்த அந்தக் கோளாறை, அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் உறுதிசெய்வார்கள்.

பலர் கவனிக்காத ஒன்று, வாசனை. புகை ஏறிய கோட்டையும் ஹெல்மெட்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் மாட்டுவார்கள். மூக்கு பிடிக்கும் வாசனை, பயத்தையும் நினைவையும் கையாளும் மூளைப் பகுதிகளுக்கு மிக நெருங்கிய பாதையில் போகிறது. விளக்கை அணைத்ததும் அந்தக் கரி வாடை உங்களை மறுபடி எரிந்த வீட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்திவிடும். உடம்புக்கும் அது கெடுதல்தான்: தீயணைப்புப் பணியில் ஏற்படும் நச்சுத் தாக்கத்தைப் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022இல் வகைப்படுத்திவிட்டது. ஆக, உடுப்பு ஸ்டேஷனிலேயே கிடக்கட்டும். குளித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

கட்டாயப்படுத்திப் பேசவைப்பது

இது அணித்தலைவர்கள் நல்லெண்ணத்தில் செய்வது. 1980களில் அமெரிக்காவில் ஜெஃப்ரி மிட்செல் வகுத்த டீப்ரீஃபிங் முறை தீயணைப்பு நிலையங்களில் வேகமாகப் பரவியது. அதன் பாணியில் சம்பவம் நடந்த சில நாட்களுக்குள் எல்லோரையும் உட்காரவைத்து, பார்த்ததையும் உணர்ந்ததையும் சொல்லச் சொன்னார்கள். பிறகு வந்த ஒப்பீட்டு ஆய்வுகளில், ஒரே அமர்வோடு முடியும் இப்படிப்பட்ட டீப்ரீஃபிங் பி.டி.எஸ்.டி.யைத் தடுத்ததாகத் தெரியவில்லை; சிலருக்கு நிலைமை மோசமானது. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ் அதை வேண்டாம் என்றே சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் யாரையும் பேச நெருக்காதீர்கள் என்கிறது. பக்கத்தில் இருங்கள், சாப்பிட்டாயா என்று கேளுங்கள், அவனாகப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். ‘இந்த வேலைக்கு வந்தால் இதெல்லாம் சகஜம்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைக் கேட்ட புதியவர் அப்புறம் உங்களிடம் வாயே திறக்கமாட்டார்.

பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வது

‘இரண்டு நிமிடம் முன்னால் போயிருந்தால் அந்தக் குழந்தை பிழைத்திருக்கும்.’ எனக்குத் தெரிந்து இளையவர்களை அதிகம் அரிப்பது இந்த நினைப்புதான். இதைத் தனியாக உட்கார்ந்து மெல்லாதீர்கள். தலைவரிடம் போய் விவரம் கேளுங்கள்: அழைப்பு எத்தனை மணிக்கு வந்தது, நாம் எப்போது சேர்ந்தோம், அப்போது தீ எந்த நிலையில் இருந்தது? செயற்கை நுரை சோபாவும் மெத்தையும் உள்ள இன்றைய அறை, சோதனைகளில் ஐந்து நிமிடத்துக்குள்ளேயே முழுதாகப் பற்றியிருக்கிறது. வண்டி கிளம்பும் முன்பே முடிந்துபோன கதைகள் நிறைய உண்டு. அது தெரிந்தால் துக்கம் போகாது, ஆனால் பழி கொஞ்சம் இறங்கும். உண்மையிலேயே பிழை நடந்திருந்தால், அதையும் கற்பனையில் பெருக்காமல் உள்ள அளவில் பார்க்க முடியும்.

மதுவும் மாத்திரையும்

குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும், பின்னிரவில் விழிப்பும் வரும். டயஸிபாம் போன்ற, பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரைகளைச் சம்பவத்தின் முதல் மாதத்தில் பெரியவர்களுக்கும் கொடுக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டல். நண்பர் நீட்டும் மாத்திரையை வாங்காதீர்கள். விபத்துப் படங்களையும் வீடியோவையும் நள்ளிரவில் திரும்பத் திரும்பப் பார்ப்பதையும் விட்டுவிடுங்கள்.

ஒதுங்குவது, தள்ளிப்போடுவது

அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போவது, சைரன் கேட்டால் ஹெட்போனை மாட்டிக்கொள்வது, ஸ்டேஷன் பக்கமே தலைகாட்டாதது: முதலில் நிம்மதிதான், நாளாக ஆக பயம் வேரூன்றும். நேர்மாறாக, யோசிக்க நேரமே இருக்கக்கூடாது என்று எல்லா அழைப்புக்கும் ஓடுவதும் அதே ஒதுங்கல்தான். சில அழைப்புகளை விடுங்கள், ஆனால் ஸ்டேஷனுக்குப் போய்வந்துகொண்டிருங்கள். பதினெட்டு ஆகாதவர் என்றால் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கும் விஷயம் தெரிய வேண்டும்.

ஒரு மாதமாகியும் தணியவில்லை என்றால் மனநல நிபுணரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள். மன அதிர்ச்சிக்கென்றே வகுத்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சு சிகிச்சை), இ.எம்.டி.ஆர். (கண்களை இடவலமாக அசைத்தபடி அந்த நினைவைக் கையாளும் சிகிச்சை) இரண்டுமே பலன் தருபவை; முதலாவது பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள். போன உடனே முழுக் கதையையும் சொல்லியாக வேண்டியதில்லை. எந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது, எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் போதும்.