தொடுவுணர்வின் கூர்மையை ஜெம் கிளிப்பால் அளப்பது எப்படி?

தோலில் இரண்டு முனைகள் அருகருகே படுகின்றன. எவ்வளவு நெருங்கும் வரை அவை ‘இரண்டு’ என்று தெரியும்? ஜெர்மன் உடலியலாளர் எர்ன்ஸ்ட் வெபர் 1834-இல் காம்பஸ் முனைகளால் அளந்தது இதைத்தான். நமக்கு ஜெம் கிளிப், மி.மீ. ஸ்கேல், உப்புத்தாள், நாணயம், துணைக்கு ஓர் ஆள் போதும்.

காம்பஸ் வேண்டாம். கூர்முனை குத்தினால் வலி நரம்புகளும் சேர்ந்து விழித்துக்கொள்ளும். வெர்னியர் காலிபரும் சரிப்படாது. அதன் தாடை புள்ளியாக அல்ல, கோடாகப் படும். கிளிப்பை நிமிர்த்தி ‘ப’ வடிவில் மடக்கி, முனைகளை உப்புத்தாளில் தேய்த்து மழுக்குங்கள்.

1. இடைவெளியை 8 மி.மீ. வையுங்கள். நாணயத்தைப் பத்து முறை சுண்டி, தலை என்றால் இரு முனை, பூ என்றால் ஒரு முனை என்று வரிசையை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். மனம்போன போக்கில் மாற்றித் தொட்டால் எதிராளி அந்தப் போக்கைப் பிடித்துவிடுவார்.

2. அவர் கண்ணை மூடி, கையை மேசையில் வைக்கட்டும். சுட்டுவிரல் நுனியில் ஓரிரு நொடி தொடுங்கள். ‘ஒன்று’ அல்லது ‘இரண்டு’ என்றே சொல்ல வேண்டும், ‘தெரியவில்லை’ கிடையாது.

3. பெரும்பாலான அளவுகள் கெடுவது இங்கேதான்: இரு முனைகளும் ஒரே கணத்தில் பட வேண்டும். ஒன்று சற்று முந்தினால் மூளைக்கு இடைவெளியே தேவையில்லை, நேர வித்தியாசமே காட்டிக்கொடுத்துவிடும். விரல் நுனியில் நம்ப முடியாதபடி 1 மி.மீ. வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதையே. கிளிப்பை மேசைமேல் நிறுத்திக் கால்கள் சமமா என்று பாருங்கள். தோலுக்குச் செங்குத்தாக இறக்குங்கள். அழுத்தம் தோல் இலேசாகக் குழியும் அளவு போதும். தோல் வெளுத்தால் அதிகம்.

4. பத்தில் 8 சரியானால் 6, 5, 4, 3, 2 மி.மீ. என்று குறையுங்கள். பத்தில் 7 சரியானதை ஏற்க வேண்டாம்: வெறுமனே ஊகிப்பவருக்கும் ஏறக்குறைய ஆறு தடவைக்கு ஒரு தடவை 7 அல்லது அதற்கு மேல் கிடைத்துவிடும். 8-க்கு அந்த வாய்ப்பு சுமார் 5 சதவீதம்தான்.

விரல் நுனியில் 2–3 மி.மீ., உள்ளங்கையில் 1 செ.மீ. அளவில், முன்கையில் சுமார் 4 செ.மீ. வரும். விரல் நுனியில் ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 70 மெர்க்கெல் நரம்பிழைகள் (தோலில் படும் அழுத்தத்தை உணரும் இழைகள்). ஒவ்வொன்றும் கண்காணிக்கும் பரப்பு சிறியது. முன்கையில் அந்தப் பரப்பு பெரிது. இரு முனைகளும் ஒரே இழையின் எல்லைக்குள் விழுந்தால் ஒரே செய்திதான் மேலே போகும். மூளையின் தொடுவுணர்வுப் புறணியிலும் (தொடு செய்திகள் போய்ச் சேரும் மேல்பகுதி) விரல்களுக்கும் உதட்டுக்கும் ஒதுக்கிய இடம் மிகப் பெரிது.

சேர்க்கை: முன்கையில் ஒவ்வொரு தடவையும் வேறு எண் வருகிறதா? திசையைப் பாருங்கள். கையின் குறுக்கே வைத்தால் நீளவாக்கை விடக் குறைந்த இடைவெளியே போதும், இரண்டையும் கலக்காதீர்கள். அங்கே கிளிப் எட்டாது. பல்குத்திகள் இரண்டின் முனையை மழுக்கி ஸ்கேலில் டேப் போட்டு ஒட்டி, 6 செ.மீ.யில் தொடங்குங்கள்.

இன்னொன்று: இரு முனை பட்டால் ‘ஏதோ வேறு மாதிரி’ இருப்பதை வைத்தே சிலர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். அதனால்தான் ஆய்வகங்களில் பள்ளக்கோடுகள் வெட்டிய குமிழ்முனையை அழுத்தி, கோடு குறுக்கா நெடுக்கா என்று கேட்பதை விரும்புகிறார்கள்.