பதிவுத் திருமண விருந்தினருக்கு நிகழ்ச்சி நிரல் அச்சிடும் முறை

கோயில் திருமணத்தில் நிகழ்ச்சி நிரலை எவரும் கேட்பதில்லை. கெட்டிமேளம் ஒலித்ததும் அட்சதை தூவக் கைகள் தாமாக உயர்கின்றன. அடுத்து நடக்கப்போவது என்னவென்று பாட்டிக்கும் தெரியும், பேரனுக்கும் தெரியும். பதிவுத் திருமணத்தில், அதாவது மலேசியாவில் நம் பக்கத்தில் எல்லாரும் ‘ஆர்ஓஎம்’ என்று சொல்லும் அந்தச் சடங்கில், இத்தகைய அடையாளங்கள் கிடையா. பதிவாளர் மலாயிலோ ஆங்கிலத்திலோ சில கேள்விகளைக் கேட்பார், மணமக்கள் விடை சொல்வர், கையெழுத்திடுவர். பின்வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்கு எந்தக் கணத்தில் திருமணம் முடிந்தது என்பதே தெரியாமல் போய்விடுகிறது. கெடா மாநிலத்துப் பாடாங் செராய் போன்ற தோட்டப்புற நகரங்களில், பால்மரம் வெட்டியும் செம்பனைக் காட்டில் உழைத்தும் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் அந்தப் பிள்ளைகளின் திருமணத்தில் விளங்காமல் அமர்ந்திருக்கக் கூடாது. நிகழ்ச்சி நிரலை அச்சிடுவதன் முதல் நோக்கம் அவர்களுக்கு விளங்கவைப்பதே. அழகு அதற்குப் பிறகு வரட்டும்.

எதையும் எழுதத் தொடங்குமுன் சடங்கை நடத்தப்போகிறவரிடம் அதன் வரிசையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணங்களுக்குரிய 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி தேசியப் பதிவிலாகா அலுவலகத்திலும் திருமணம் நடக்கலாம், உரிய அனுமதி பெற்று வேறோர் இடத்திலும் நடக்கலாம், துணைப் பதிவாளர் நியமிக்கப்பட்டுள்ள கோயிலிலும் நடக்கலாம். இடத்துக்கேற்ப வரிசை மாறுகிறது. கோயிலில் தாலிகட்டும் கையெழுத்தும் ஒரே காலையில் அமையக்கூடும். அலுவலக அறையில் மோதிரம் மாற்றவும் மாலை மாற்றவும் இடமும் நேரமும் உண்டா என்பதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். அவை சட்டம் கோரும் பகுதிகள் அல்ல என்பதால், கேளாமல் அச்சிட்டுவிட்டு அன்று நடக்காமற்போனால் விருந்தினர் குழம்புவர்.

நாள் உறுதியாகாமல் அச்சகத்துக்குப் போகவேண்டாம். திருமணம் செய்யப்போவதாகப் பதிவாளரிடம் அறிவிப்புக் கொடுத்த பின் 21 நாள்கள் கழிந்தாலன்றித் திருமணத்துக்கான சான்றிதழ் கிடைக்காது. அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் திருமணத்தை நடத்தியும் ஆகவேண்டும். கெடாவில் அரசு அலுவலகங்களின் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால், கூலிமிலோ சுங்கைப்பட்டாணியிலோ ஞாயிற்றுக்கிழமையில் பதிவு வைப்பது நம் ஊராருக்கு இயல்பாகத் தோன்றினாலும், கோலாலம்பூரிலிருந்து வரும் உறவினருக்கு அது புதிதாக இருக்கும். ஆகவே தேதியோடு கிழமையையும் நேரத்தையும் எழுத்தில் தெளிவாக இடுங்கள்.

இனி, நிரலின் உயிரான பகுதிக்கு வருவோம். பதிவாளர் கேட்கும் கேள்விகளின் பொருளைத் தமிழில் கொடுப்பதுதான் அது. சட்ட வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்க முயலாமல், எதைக் கேட்கிறார், மணமக்கள் எதை ஒப்புக்கொள்கிறார்கள் என்பதை எளிய வாக்கியங்களில் எழுதினால் போதும். எடுத்துக்காட்டாக, உள்பக்கத்தில் இவ்வாறு அமையலாம்:

“பதிவாளர் மணமக்களைப் பார்த்து, இருவரும் தங்கள் சொந்த விருப்பத்தின்பேரில் கணவன் மனைவியாக இணைய வந்திருக்கிறார்களா என்று கேட்பார். ஆம் என்று விடை வந்ததும், இத்திருமணம் வாழ்நாள் முழுமைக்கும் உரியது என்றும், நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் இதை முறிக்க முடியாது என்றும், இத்திருமணம் நிலவும்போது இன்னொரு திருமணம் செய்துகொள்வது குற்றம் என்றும் அறிவிப்பார். பிறகு, சட்டப்படியான தடை ஏதும் உண்டா என்று மணமக்களிடம் கேட்பார். இல்லை என்று சொன்ன பின், ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்கிறார்களா எனத் தனித்தனியே கேட்பார். இருவரும் ஏற்றுக்கொண்டதாகச் சொன்னதும் நாம் கைதட்டி வாழ்த்தலாம். அடுத்து மணமக்களும் சாட்சிகள் இருவரும் பதிவாளரும் கையெழுத்திடுவர்.”

தடை பற்றிய அந்தக் கேள்வியில் ஒரு கவனம் தேவை. அது மணமக்களிடம் கேட்கப்படும் கேள்வி. அறையில் இருப்பவர்களிடம் கேட்கப்படுவதன்று. திரைப்படங்களில் பார்த்த நினைவில் யாரேனும் எழுந்து ஆட்சேபம் சொல்வார்களோ என்று பெரியவர்கள் பதறுவது உண்டு. ஆட்சேபம் உள்ளவர்கள் அதை முன்னதாகவே பதிவாளரிடம் எழுத்தில் கொடுக்கச் சட்டம் வழிசெய்திருக்கிறது. “மணமக்களிடம்” என்ற ஒரு சொல்லை நிரலில் சேர்த்தால் அந்தப் பதற்றமே எழாது. எப்போது கைதட்டலாம் என்ற குறிப்பையும் விட்டுவிடாதீர்கள். அரசு அலுவலகத்தில் சத்தம் செய்யலாமா என்ற தயக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த ஒரு வரி பெரிய உரிமையைக் கொடுக்கிறது. ஆயினும் அலுவலகத்தின் விதிகளை முதலில் கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

ஒரு ஏ4 தாளை நடுவில் மடித்தால் நான்கு ஏ5 பக்கங்கள் கிடைக்கின்றன. ஒரு பதிவுத் திருமணத்துக்கு அதற்கு மேல் தேவையில்லை என்பது என் கருத்து. முகப்பில் மணமக்கள் பெயரும் நாளும் இடமும் வரட்டும். திறந்ததும் இடப்பக்கத்தில் தமிழும் வலப்பக்கத்தில் மலாயும் அமையட்டும். சீன, மலாய் நண்பர்களும் உடன் வேலை செய்பவர்களும் வருவார்கள் என்பதால் மலாய்ப் பகுதியைச் சுருக்கமாகவேனும் கொடுப்பது மரியாதை. மூன்றாம் மொழியையும் திணித்தால் எழுத்து சிறுத்துவிடும். தமிழ்ப் பகுதியை 14 புள்ளி அளவுக்குக் குறையாமல் வையுங்கள். தங்க நிற எழுத்து அழைப்பிதழில் பொலிவாக இருந்தாலும், மங்கிய வெளிச்சமுள்ள மண்டபத்தில் மூக்குக்கண்ணாடி அணிந்தவர்களால் அதைப் படிக்க இயலாது. கறுப்பு எழுத்தே நல்லது.

பெயர்களை அடையாள அட்டையில் உள்ளபடி ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் ஏறுவது அந்தப் பெயரே. வீட்டில் அழைக்கும் பெயரையும் சேர்க்க விரும்பினால் அதன் அருகில் சேர்க்கலாம். பெற்றோர் பெயருக்கு முன் திரு, திருமதி என்பனவும், காலமானவருக்கு அமரர் என்பதும் விடுபடாமல் இருக்க வேண்டும். இதில் நேரும் விடுபாட்டைக் குடும்பங்கள் எளிதில் மறப்பதில்லை. பதிவாளர் நீங்கலாகக் குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும் என்பதால் அவர்களின் பெயரையும் உறவு முறையையும் அச்சிடுங்கள். பெரியம்மாவோ தாய்மாமனோ சாட்சியாக நிற்கும்போது, அந்தப் பெருமை தாளிலும் இருக்கட்டும். குடும்பம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்பதையும் பெற்றோர் பெயருக்குக் கீழே குறிக்கலாம். தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியாக மாறியிருந்தாலும், “அந்தத் தோட்டத்துக் கங்காணி மகளா!” என்று முதியவர்கள் இரு குடும்பங்களையும் இனங்கண்டு பேசத் தொடங்க அந்த ஒரு வரி போதும். தோட்டத்தின் பதிவுப் பெயரைவிட மக்கள் வழங்கும் பெயரையே எழுதுங்கள்.

கடைசிப் பக்கத்தில் நன்றியுரை இரண்டு வரிகளுக்கு மேல் வேண்டாம். உணவு எங்கே, எத்தனை மணிக்கு என்பதும், அலுவலகத்திலிருந்து மண்டபத்துக்குச் செல்லும் வழியும், வேன் புறப்படும் நேரமும் இங்கே இடம்பெறலாம்.

தமிழ் எழுத்தை அச்சிடும்போது வரும் தொல்லை தனியானது. வீட்டுக் கணினியில் சரியாகத் தெரியும் “பொன்னம்மா”, அச்சகத்தின் வடிவமைப்பு மென்பொருளில் திறக்கும்போது கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய், துணைக்காலோ புள்ளியோ ஒரு புள்ளிவட்டத்தின் மேல் தனியே தொங்கும். எழுத்துகளைச் சேர்க்கும் வசதி அந்த மென்பொருளில் இயக்கப்படாததே இதற்குக் காரணம். முத்து நெடுமாறன் இங்கே மலேசியாவில் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களால் தமிழைத் தட்டச்சு செய்வது எளிதாகிவிட்டது. ஆனால் யூனிகோடுக்கு முந்திய பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். ஆகவே யூனிகோடில் அடித்து, எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் கோப்பாக மாற்றி அச்சகத்தாரிடம் கொடுங்கள். வேர்ட் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “இதையே போடுங்கள்” என்று விட்டுவிடாதீர்கள். தமிழ் படிக்கத் தெரியாத பணியாளரால் கொம்பு இடம் மாறியதைக் கண்டுபிடிக்க முடியாது; அது அவர் குற்றமன்று.

முழு அச்சுக்கு முன் ஒரு படியை எடுத்து, வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் நாக்குத் தடுமாறும் வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள். எழுத்துப்பிழை, மணமக்கள் பெயர், கிழமை, நேரம் ஆகியவற்றை இன்னொருவர் தனியாகப் பார்க்கட்டும். எழுதியவர் கண்ணுக்குத் தம் பிழை தெரிவது கடினம்.

தாளைப் பொறுத்தவரை, சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள சாதாரணத் தாள் கையில் துவளும். 120 முதல் 150 கிராம் வரையிலான தாள் உறுதியாக இருக்கும். அதைவிடத் தடித்த தாளானால், மடிப்பு வெடிக்காதிருக்க மடிப்புக் கோடு அழுத்தித் தரச் சொல்ல வேண்டும். பளபளப்பான தாளில் விளக்கொளி பட்டுக் கூசும் என்பதால் மேட் தாளைத் தேர்ந்தெடுங்கள். தம்பதியராகவும் குடும்பமாகவும் வருபவர்கள் ஒரு படியைப் பகிர்ந்துகொள்வர். 100 பேர் வருவதானால் 60 படிகள் போதும். அலுவலக அறை சிறிதாக இருந்து, உறவினரில் பாதிப்பேர் வெளியில் காத்திருக்க நேர்ந்தால், அவர்கள் கையிலும் ஒரு படி இருக்கட்டும்.

படிகளை இருக்கையில் வைத்துவிட்டால் காற்றில் பறக்கும், குழந்தைகள் மடித்து விளையாடுவர். வாசலில் சந்தனமும் கற்கண்டும் நீட்டும் பிள்ளைகளிடமே அவற்றைக் கொடுத்து, வருபவர் கையில் நேரே தரச் சொல்லுங்கள். பதிவாளருக்கும் சாட்சிகளுக்கும் தனியாக மூன்று படிகளை எடுத்து, அடையாள அட்டைகள் இருக்கும் கோப்பிலேயே முதல் நாள் இரவு வைத்துவிடுங்கள்.