சோதனையில் கர்த்தருக்குள் மகிழ: முதலில் முறையீடு, பிறகு துதி

துன்பம் வந்த வீட்டில் முதலில் காதில் விழும் அறிவுரை, "எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள்" என்பதுதான். நல்ல மனதோடு சொல்லப்படுவதுதான். ஆனால் அழுது முடிக்காதவரிடம் அதைச் சொன்னால், உதட்டில் ஸ்தோத்திரமும் உள்ளே கசப்புமாக நாட்கள் ஓடும். பிறகு ஜெபிக்கவே மனம் வராது. வேதத்தின் ஜெபப் பாடல்களான சங்கீதங்களில் வழக்கமாக வரும் வரிசை வேறு. முதலில் முறையீடு, அடுத்து விண்ணப்பம், கடைசியில்தான் துதி. அந்த வரிசையிலேயே போங்கள்.

தொடங்க ஏற்ற இடம் 13ஆம் சங்கீதம். ஆறே வசனங்கள். முதல் இரண்டில் தாவீது நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறான். 3, 4 வசனங்களில் தனக்கு வேண்டியதைக் கேட்கிறான். 5, 6இல் கர்த்தருடைய கிருபையின்மேல் நம்பிக்கை வைத்துப் பாடுகிறான். ஒரு நோட்டை எடுத்து, ஒரு பக்கத்தை அதேபோல மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தினமும் கால் மணி நேரம் போதும்.

முதல் பகுதியில் நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள். "ஆண்டவரே, கஷ்டமாக இருக்கிறது" என்று பொதுவாக எழுதினால் மனம் இளகாது. "வேலை போய் இது மூன்றாம் மாதம். வாடகை பாக்கி. நேர்காணலுக்குப் போன இரண்டு இடத்திலிருந்தும் பதில் இல்லை. பிள்ளைகள் முன்னால் சிரித்துச் சிரித்து அலுத்துவிட்டது. என்னை மறந்துவிட்டீரா?" இப்படி எழுதுங்கள். இது அவிசுவாசம் ஆகிவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். கோபத்தில் கர்த்தரிடம் பேசாமல் விலகிப்போவதுதான் ஆபத்து. அவரிடமே போய்க் கேட்பவன் இன்னும் அவரை நம்பித்தான் கேட்கிறான்.

இரண்டாம் பகுதியில் ஒன்றிரண்டு விண்ணப்பங்கள் போதும். பாடு நீங்க வேண்டும் என்றே தயங்காமல் கேளுங்கள். சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் இயேசு மூன்று முறை அப்படித்தான் ஜெபித்தார். அப்போஸ்தலன் பவுலும், தன் மாம்சத்தில் ஒரு "முள்" என்று அவன் சொன்ன பாடு நீங்க மூன்று முறை வேண்டிக்கொண்டான். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது. கூடவே, இன்று எடுக்க வேண்டிய முடிவுக்கு ஞானம் கேளுங்கள். சோதனையைச் சந்தோஷமாக எண்ணச் சொல்லும் யாக்கோபின் நிருபம் முதல் அதிகாரம், ஐந்தாம் வசனத்திலேயே ஞானத்தைக் கேட்கச் சொல்கிறது.

மூன்றாம் பகுதியில்தான் தவறு அதிகம் நடக்கிறது. "அடுத்த மாதம் கட்டாயம் வேலை கிடைக்கும்" என்று பலர் எழுதுகிறார்கள். கர்த்தர் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. அந்த மாதம் வெறுமனே கடந்துபோனால், அவர் சொல்லாத ஒன்றுக்காக அவர்மேல் மனம் கசந்துபோகும். இந்தத் துன்பத்தால் மாறாதவற்றை மட்டும் அங்கே எழுதுங்கள்: அவர் யார், சிலுவையில் என்ன செய்தார், முன்பு உங்களை எப்படி நடத்தினார். எழுத ஒன்றும் வராத நாட்களில் அந்த இடத்தை வெறுமையாகவே விடலாம். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

இப்படிச் சில வாரங்கள் எழுதிய பிறகு ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகத்தைத் திறங்கள். மூன்றே அதிகாரங்கள். முதல் அதிகாரத்தில் அவனும் "எதுவரைக்கும்" என்றுதான் தொடங்குகிறான். கடைசி அதிகாரத்தில், 17ஆம் வசனத்தில், ஆறு இழப்புகளை அடுக்குகிறான்: அத்திமரம், திராட்சச்செடி, ஒலிவமரம், வயல், ஆட்டுமந்தை, மாடு. அடுத்த வசனத்தில், "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்கிறான். இதை மட்டும் படித்துவிட்டு, அவனுக்குக் கல்நெஞ்சு என்று நினைத்துவிடக் கூடாது. 16ஆம் வசனத்தில் அவன் குடல் குழம்புகிறது, உதடுகள் துடிக்கின்றன. நடுக்கம் நீங்கிய பிறகு வந்த மகிழ்ச்சி அல்ல அது. நடுங்கிக்கொண்டே கர்த்தரைப் பற்றிக்கொண்டதில் வந்தது. கிறிஸ்தவ மகிழ்ச்சி என்று நாம் சொல்வது இதைத்தான். உங்கள் ஆறு இழப்புகளை அவனுடைய பட்டியலின் இடத்தில் எழுதி, 18ஆம் வசனத்தைச் சத்தமாக வாசியுங்கள். குரல் உடைந்தால் உடையட்டும்.

"ஏன் எனக்கு?" என்ற கேள்விக்கு நீங்களே பதில் தயாரிக்காதீர்கள். யோபு புத்தகத்தின் முதல் இரண்டு அதிகாரங்களில் பரலோகத்தில் கர்த்தருக்கும் சாத்தானுக்கும் இடையே நடந்தது நமக்குத் தெரிகிறது. யோபுவுக்குக் கடைசிவரை சொல்லப்பட்டதாக எழுதப்படவில்லை. யோசேப்பு தன் சகோதரரால் விற்கப்பட்டபோது 17 வயது, பார்வோனுக்கு முன்பாக நின்றபோது 30. அந்தப் பதின்மூன்று வருடங்களில் கர்த்தர் அவனோடு இருந்தார் என்று வாசிக்கிறோம். காரணம் விளக்கினார் என்று வாசிப்பதில்லை. ரோமர் 8:28ஐப் படிக்கும்போது 29ஐயும் சேர்த்தே படியுங்கள். அங்கே சொல்லப்படும் நன்மை, குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாவது. போனது இரட்டிப்பாகத் திரும்பும் என்று மட்டும் அதை எடுத்துக்கொண்டால் ஏமாற்றமே மிஞ்சும். இதில் ஒரு விலக்கு உண்டு. உங்கள் தவறினால் வந்த துன்பம் என்று தெளிவாகத் தெரிந்தால், அறிக்கைசெய்து, திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுங்கள்.

உடம்பையும் மறக்க வேண்டாம். சாக விரும்பிச் சூரைச்செடியின்கீழ்ப் படுத்த தீர்க்கதரிசி எலியாவுக்குக் கர்த்தர் உடனே போதிக்கவில்லை. தூங்கவிட்டார், இரண்டு முறை அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். ஓரேப் மலையில் பேசியது அதற்குப் பிறகு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தனியாக இருக்காமல், உடனே ஒருவரை அழைத்துச் சொல்லுங்கள். வீட்டில் அடி வாங்குபவர் அதைச் சிலுவை என்று சுமக்க வேண்டியதில்லை. பவுல் தமஸ்குவில் கூடையில் இறங்கித் தப்பினான். எருசலேமில் சவுக்கடிக்கு முன் தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லித் தடுத்தான். பாதுகாப்பான இடத்துக்குப் போவது விசுவாசக் குறைவு அல்ல.

இதையெல்லாம் தனியாகச் செய்ய முயன்றால் பாதியில் நின்றுவிடும். சபையில் ஒருவரையோ இருவரையோ தேர்ந்தெடுங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்ததுவரை சரியாகத்தான் செய்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் கெட்டது. அதனால் கேட்கத் தெரிந்தவராகப் பாருங்கள். "எனக்காக ஜெபியுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல், "வியாழக்கிழமை ஸ்கேன் ரிசல்ட் வருகிறது, அன்று சாயங்காலம் எனக்குப் போன் பண்ணுங்கள், என்ன வந்திருந்தாலும் 13ஆம் சங்கீதத்தைச் சேர்ந்து வாசிக்கலாம்" என்று நாளும் நேரமும் குறித்துச் சொல்லுங்கள்.