பெரிய பட்ஜெட் எம்எம்ஓஆர்பிஜி ஏன் ரிலீஸுக்கு அப்புறம் விழுது? பண்ணக்கூடாத தப்புகள்

பெரிய பட்ஜெட் எம்எம்ஓஆர்பிஜி (ஆயிரக்கணக்கான பேர் ஒரே ஆன்லைன் உலகத்துல சேர்ந்து விளையாடற ரோல் பிளேயிங் கேம்) ஒண்ணு வந்தா முதல் வாரம் எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கும். சர்வர் நிரம்பி வழியும், லாகின் கியூல ஆயிரக்கணக்குல ஆளுங்க நிப்பாங்க, இத்தனை லட்சம் பேர் வந்துட்டாங்கன்னு கம்பெனி அறிக்கை விடும். அந்த வாரத்தை வச்சு எதையும் முடிவு பண்ணவே முடியாது. ரெண்டாவது மூணாவது மாசத்துலதான் விஷயம் வெளிய வரும், வேகமா விளையாடி மேக்ஸ் லெவல் போனவங்க "சரி, இனிமே என்ன பண்றது"ன்னு கேப்பாங்க, கேம்கிட்ட பதில் இல்லைன்னா கிளம்பிடுவாங்க, கூடவே அவங்க கில்டும் (சேர்ந்து விளையாடற குழு) கிளம்பும். சிங்கிள் பிளேயர் கேமை ஒருத்தர் பாதியில விட்டா அடுத்தவருக்கு ஒண்ணும் குறையாது. இங்க அப்படி இல்ல, ஒருத்தர் போனா மிச்சம் இருக்கறவங்களுக்கு டஞ்சனுக்கு (சின்ன குழுவா போய் சண்டை போடற இடம்) ஹீலர் (கூட இருக்கறவங்க உயிரை ஏத்தறவர்) கிடைக்க லேட் ஆகும், மார்க்கெட்ல போஷன் குறையும், அதனால இன்னும் நாலு பேர் போவாங்க. ஆளுங்களே ஆளுங்களுக்கு கன்டென்ட், இதை மறந்துட்டு காசை வேற எங்கயோ கொட்டுனதுதான் விழுந்த கேம்கள்ல பாதிக்கு மேல நடந்த கதைன்னு நான் உறுதியா நம்பறேன்.

முதல் தப்பு, அதுவும் ரொம்ப காஸ்ட்லியான தப்பு, ஒரு தடவை பார்த்ததும் தீர்ந்து போற விஷயத்துல பட்ஜெட்டை கரைக்கறது. ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக்கை எடுத்துக்கோங்க, 2011 டிசம்பர் 20ல வந்துச்சு, பயோவேர் பண்ணது. 8 கிளாஸ் (கேரக்டர் வகை), ஒவ்வொண்ணுக்கும் தனி கதை, 2 லட்சத்துக்கு மேல வசனங்களுக்கு முழுக்க குரல் நடிப்பு, அதுக்கு கின்னஸ் சாதனையே கிடைச்சுது. மூணே நாள்ல 10 லட்சம் பேர், 2012 பிப்ரவரில 17 லட்சம் சந்தாதாரர்கள். மே மாசம் அது 13 லட்சம், நவம்பர்ல ஃப்ரீ டு பிளே, அதாவது சந்தா இல்லாமலே விளையாடலாம். கதை மோசம்னு யாரும் சொல்லல, இன்னிக்கும் இம்பீரியல் ஏஜென்ட் கதையை ஆளுங்க புகழ்றாங்க. ஆனா யோசிச்சு பாருங்க, ஒரு குவெஸ்ட்டை (கேம் பிளேயருக்கு கொடுக்கற வேலை) எழுதி, நடிகரை கூப்பிட்டு ரெக்கார்ட் பண்ணி, இன்னும் ரெண்டு மொழிக்கு டப் பண்ணி, வாயசைவு சேர்த்து முடிக்க எத்தனை மாசம், அதை ஒருத்தர் விளையாடி முடிக்கறது ஒரு சாயங்காலம். அப்போ மேக்ஸ் லெவலா இருந்த ஐம்பதுக்கு அப்புறம் அதே தரத்துல அடுத்தது கொடுக்கணும்னா திரும்ப அத்தனை வேலையும் பண்ணணும். இந்த பக்கம் இவ்வளவு செலவு, அந்த பக்கம் டஞ்சனுக்கு ஆள் சேர்த்து விடற குரூப் ஃபைண்டர் ரிலீஸ்ல இல்லவே இல்ல, 2012 ஜூன்லதான் வந்துச்சு. அது வரைக்கும் ஜெனரல் சாட்ல "டேங்க் வேணும், ஹீலர் வேணும்"னு (டேங்க்னா முன்னாடி நின்னு அடி வாங்கறவர்) டைப் பண்ணிட்டே உக்காந்திருக்கணும், அதுவும் ஆள் குறைஞ்சுட்டே வர்ற சர்வர்ல.

ஏஜ் ஆஃப் கோனன் இதுக்கு முன்னாடியே, 2008ல, இதோட இன்னொரு வடிவத்தை காட்டிடுச்சு. டோர்டாஜ்ங்கற ஊர்ல நடக்கற முதல் 20 லெவல் பிரமாதம், குரல் நடிப்பு, இறுக்கமான கதை எல்லாம் இருக்கும், அதை தாண்டி வெளிய வந்தா குரலும் காணோம், போகப்போக குவெஸ்ட்டும் குறைஞ்சுட்டே போகும், மேக்ஸ் லெவல் 80. முதல் சில மணி நேரத்தை மட்டும் பாலிஷ் பண்ணா விற்பனைக்கு உதவும், அவ்ளோதான்.

ஈவ் ஆன்லைனை பக்கத்துல வச்சு பார்த்தா வித்தியாசம் புரியும். 2003 மே மாசம் சின்னதா ஆரம்பிச்ச கேம், கப்பலை பிளேயர்தான் கட்டறாங்க, அதுக்கு தாதுவை இன்னொரு பிளேயர் தோண்டறாங்க, அந்த கப்பலை மூணாவது ஆள் சண்டையில உடைக்கறாங்க, உடைஞ்சா திரும்ப கட்டணும், திரும்ப தோண்டணும். டெவலப்பர் புதுசா ஒரு குவெஸ்ட் எழுதாட்டியும் நாளைக்கு செய்ய வேலை இருக்கும். எல்லாரும் ஈவ் மாதிரி பண்ணணும்னு சொல்ல வரல, அந்த மாதிரி ஒரு சுழற்சி ஒண்ணாவது ரிலீஸ் அன்னிக்கே ஓடிட்டு இருக்கணும்.

கியூவை பார்த்து பயந்து சர்வர் திறக்கறது

இது ரொம்ப பேர் கவனிக்காத தப்பு, ஆனா கேமை கொல்றதுல இதுக்கு பெரிய பங்கு இருக்கு. முதல் வாரம் கியூ நீளுது, ஆளுங்க திட்டறாங்க, உடனே புது சர்வர் புது சர்வர்னு திறந்து விடுவாங்க. ஒரு மாசத்துல கூட்டம் பாதியாகும், எல்லா கேமுக்கும் ஆகும், அப்போ நிறைய சர்வர்ல கொஞ்சம் கொஞ்சம் ஆளுங்க சிதறி கிடப்பாங்க. 2008 செப்டம்பர்ல வந்த வார்ஹேமர் ஆன்லைன்ல இதோட வலி நேராவே தெரிஞ்சுது, ஏன்னா அந்த கேமோட உயிரே ரெண்டு அணியும் கோட்டைக்காக பெருங்கூட்டமா மோதறதுதான். ஒரு சர்வர்ல ஒரு பக்கம் ஆள் குறைஞ்சா அவங்க தினம் தோப்பாங்க, தோக்கறவங்க லாகின் பண்றதை நிறுத்துவாங்க, ஜெயிக்கற பக்கம் காலி கோட்டையை சுத்தி சுத்தி வரும், ரெண்டு வாரத்துல அவங்களுக்கும் சலிச்சு போயிடும். ஜெயிச்சவங்களும் போற கேம் அது. உச்சத்துல 8 லட்சம் இருந்த சந்தாதாரர்கள் அந்த வருஷ கடைசில 3 லட்சம் ஆனாங்க, 2013 டிசம்பர்ல மூடிட்டாங்க. (ரிலீஸுக்கு முன்னாடியே ஆறு தலைநகரத்துல நாலை வெட்டிட்டாங்க, அதுவும் சேர்ந்துக்கிச்சு.)

அப்புறம் சர்வர் மெர்ஜ் பண்ணுவாங்க, அதாவது பல சர்வரை ஒண்ணா சேர்ப்பாங்க, அது டெக்னிக்கலா சரிதான், ஆனா வெளிய இருக்கறவங்களுக்கு அது சாவு செய்தி மாதிரி கேக்கும், யோசிச்சிட்டு இருந்தவங்களும் வரமாட்டாங்க. ஃபைனல் ஃபேன்டஸி 14 டீம் 2021 டிசம்பர்ல என்ன பண்ணாங்கன்னா, எண்ட்வாக்கர்ங்கற எக்ஸ்பான்ஷன் (கேமோட கூடுதல் பாகம்) வந்தப்போ கியூ தாங்க முடியாம போனதும் கேமை விக்கறதையே நிறுத்திட்டாங்க, ஏற்கனவே சந்தா கட்டினவங்களுக்கு இலவச நாள் கொடுத்தாங்க, நெரிசல் தணிஞ்சதும் ஜனவரி கடைசில திரும்ப விக்க ஆரம்பிச்சாங்க. வர்ற காசை வேண்டாம்னு சொல்ல எவ்வளவு தைரியம் வேணும்! புது கேம்னா முதல்லயே மெகா சர்வர் முறைக்கு போறது நல்லது, கில்டு வார்ஸ் 2 கூட 2014ல அதுக்கு மாறிடுச்சு, கூட்டத்துக்கு ஏத்த மாதிரி மேப் காப்பிகளை சிஸ்டமே கூட்டும் குறைக்கும், பிளேயருக்கு எண்ணிக்கை விழறது கண்ணுலயே படாது.

மெகா சர்வர் மட்டும் போதாதுன்னு காட்டினது எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன். 2014 ஏப்ரல்ல வந்தப்போ அதுல மெகா சர்வர் இருந்துச்சு, ஆனா நீங்க ஒரு அலையன்ஸ் (கேமுக்குள்ள இருக்கற அணி), உங்க ஃப்ரெண்ட் வேற அலையன்ஸ்னா சேர்ந்து குவெஸ்ட் பண்ண முடியாது. சரி ஒரே அலையன்ஸ்ல இருக்கீங்க, ஒரே பார்ட்டி, பக்கத்துல பக்கத்துல நிக்கறீங்க, அவர் குவெஸ்ட்ல ஒரு படி முன்னாடி போயிட்டார்னா உங்க ஸ்கிரீன்ல இருந்து மறைஞ்சுடுவார், மேப்ல அம்புக்குறி மட்டும் நிக்கும். கூட விளையாடலாம்னுதானே எம்எம்ஓ வாங்கறோம்? 2016 அக்டோபர்ல ஒன் டாம்ரியல் அப்டேட்ல லெவல், அலையன்ஸ் தடை எல்லாத்தையும் தூக்கினாங்க, யாரும் யார்கூடயும் எங்கயும் போலாம்னு ஆச்சு. அந்த கேம் இன்னிக்கும் ஓடுதுன்னா அதுக்கு அந்த முடிவு ஒரு பெரிய காரணம். ஃப்ரெண்ட்ஸை பிரிக்கற எந்த சுவரையும் கட்டறதுக்கு முன்னாடி பத்து தடவை யோசிக்கணும்.

எகானமியை அப்புறம் பாத்துக்கலாம்னு விடறது

நியூ வேர்ல்டு 2021 செப்டம்பர் 28ல வந்துச்சு, ஸ்டீம்ல ஒரே நேரத்துல 9 லட்சத்து 13 ஆயிரம் பேர் வரைக்கும் விளையாடினாங்க. அழகான காடு, மரம் வெட்டற சத்தமே அவ்வளவு நல்லா இருக்கும். ஆனா கேமோட அடித்தளம் கொஞ்ச வாரத்துலயே ஆட்டம் கண்டுச்சு. கேமை விண்டோ மோடுல போட்டு மவுஸால விண்டோவை பிடிச்சு இழுத்துட்டே இருந்தா உங்க கேரக்டருக்கு அடியே விழாது, இதை வச்சு வார்ல பாயின்ட்டை பிடிச்சாங்க. சாட் பாக்ஸ்ல கோட் போட்டா படம் வந்துச்சு. அப்புறம் தங்கத்தை (கேமுக்குள்ள பணம்) டூப் பண்ற, அதாவது நகல் எடுத்து பெருக்கற வழி பரவி, ஒரு கட்டத்துல டிரேடிங், மார்க்கெட், தங்கம் அனுப்பறது எல்லாத்தையும் கம்பெனியே நிறுத்தி வைக்க வேண்டியதா போச்சு.

டூப்னா என்னன்னு கொஞ்சம் கிட்ட போய் பார்க்கலாம், ஏன்னா இது கேமுக்கு கேம் திரும்ப திரும்ப வர்ற நோய். நான் உங்களுக்கு ஒரு வாளை டிரேட் பண்றேன், உங்க கேரக்டர் டேட்டாபேஸ்ல சேவ் ஆயிடுச்சு, என்னோடது சேவ் ஆகறதுக்குள்ள சர்வர் விழுது இல்ல நான் ஏதோ தந்திரம் பண்ணி சேவ் ஆக விடாம பண்றேன். திரும்ப லாகின் பண்ணா எனக்கு பழைய சேவ் லோட் ஆகும், அதுல வாள் என் பையிலயே இருக்கு, உங்ககிட்டயும் இருக்கு. இதை ராத்திரி முழுக்க பண்ணா என்ன ஆகும்? தடுக்க வழி இருக்கு, ரெண்டு பேரோட மாற்றமும் ஒரே டிரான்சாக்ஷன்ல ஒண்ணா நடக்கணும் இல்ல ரெண்டுமே நடக்கக்கூடாது, ஒவ்வொரு முக்கிய பொருளுக்கும் தனி ஐடி இருக்கணும், ஒரே ஐடி ரெண்டு இடத்துல தெரிஞ்சா உடனே அலாரம் அடிக்கணும். இதை ரிலீஸுக்கு அப்புறம் சேர்க்கறது ரொம்ப கஷ்டம், அதுக்குள்ள டூப் ஆன தங்கம் பல கை மாறி நேர்மையா விளையாடினவங்க பைக்குள்ளயும் போயிருக்கும், ரோல்பேக் பண்ணா (பழைய சேவுக்கு திருப்பினா) அவங்களும் அடி வாங்குவாங்க, பண்ணலைன்னா அவங்க உழைப்புக்கு மதிப்பே இல்ல. பாட் (ஆள் இல்லாம தானா விளையாடற புரோகிராம்) பிரச்சினையும் இதே கணக்குதான், லாஸ்ட் ஆர்க்ங்கற கேம் 2022ல ஒரே தடவையில 10 லட்சத்துக்கு மேல பாட் அக்கவுண்ட்டை தடை பண்ணுச்சு, அதுக்கு முன்னாடி அந்த பாட்கள் சம்பாதிச்சது ஏற்கனவே எகானமிக்குள்ள கலந்துடுச்சு.

நியூ வேர்ல்டுக்கு இன்னொரு பின்கதையும் உண்டு, அது முதல்ல யாரும் யாரையும் கொல்லலாம்ங்கற சர்வைவல் பிவிபி (பிளேயரும் பிளேயரும் மோதற) கேமா உருவாச்சு, 2020ல திசை மாத்தி பிவிஇ (கம்ப்யூட்டர் எதிரிகளோட மோதற) பக்கம் திருப்பினாங்க, அதனாலதான் ரிலீஸ்ல குவெஸ்ட்டுங்க "போய் அஞ்சு பெட்டியை திற" ரகத்துல இருந்துச்சு. திசை மாறினா ரிலீஸ் தேதியும் சேர்ந்து மாறணும்.

சத்தமா பேசறவங்க சொல்றதை மட்டும் கேக்கறதும் தப்புதான். வைல்டுஸ்டார் 2014 ஜூன்ல "ஹார்ட்கோர்"னு பெருமையா சொல்லிட்டு வந்துச்சு, 40 பேர் ரெய்டு (பெரிய குழுவா சேர்ந்து போற கஷ்டமான சண்டை), அதுக்குள்ள போறதுக்கே நீளமான அட்யூன்மென்ட் (முன்கூட்டியே முடிக்க வேண்டிய வேலைங்க). 40 பேரை ஒரே நேரத்துல கூட்டிட்டு வர்றது கில்டு லீடருக்கு முழு நேர வேலை, அவங்க களைச்சு போனா கில்டே கலைஞ்சுடும். ஃபோரம்ல அதை கேட்டவங்க கொஞ்ச பேர்தான், ரெய்டை பின்னாடி 20 பேருக்கு குறைச்சும் லேட் ஆயிடுச்சு. 2018 நவம்பர்ல மூடினாங்க. அந்த காம்பாட்டும் ஹவுசிங்கும் இவ்வளவு நல்லா இருந்தும் போனது எனக்கு இன்னும் ஆறல.

விலை பத்தி அதிகம் சொல்ல வேண்டியதில்ல, சந்தாவா இலவசமாங்கறது ரிலீஸுக்கு முன்னாடியே டிசைன்ல இருக்கணும். ஓல்ட் ரிபப்ளிக் அவசரமா ஃப்ரீக்கு மாறினப்போ இலவச பிளேயருக்கு ஸ்கில் பட்டன் வைக்கற குயிக்பாரையே குறைச்சு கொடுத்தாங்க, புதுசா வர்றவரை வாசல்லயே எரிச்சல் படுத்தற வேலை அது.

விழ ஆரம்பிச்சதும் பண்ற தப்பு

எண்ணிக்கை குறைஞ்சதும் ரெண்டு விஷயம் நடக்கும். ஒண்ணு, ஆட்குறைப்பு. ஓல்ட் ரிபப்ளிக்குக்கு 2012லயே நடந்துச்சு, வைல்டுஸ்டாருக்கும் முதல் வருஷத்துலயே நடந்துச்சு. அடுத்த பேட்ச் (அப்டேட்) வேகமா வேணும்ங்கற நேரத்துல பேட்ச் பண்றவங்களே இருக்கமாட்டாங்க. பட்ஜெட் போடும்போதே ரிலீஸுக்கு அப்புறம் ஒரு வருஷத்துக்கான சம்பளத்தை தொடாம தனியா வச்சிடணும்.

இன்னொண்ணு, இருக்கறவங்களை விட்டுட்டு இல்லாதவங்களை தேடி போறது. ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் 2005 நவம்பர்ல புது எக்ஸ்பான்ஷனை வித்த சில நாள்லயே கேமை அடியோட மாத்தினாங்க, 34 தொழில் இருந்தது 9 ஆச்சு. வருஷக்கணக்கா கிரியேச்சர் ஹேண்ட்லரா (மிருகங்களை பழக்கறவரா) வாழ்ந்தவருக்கு ஒரு நாள் காலைல அந்த தொழிலே இல்ல. பழைய ஆளுங்க கூட்டமா போனாங்க, எதிர்பார்த்த புது கூட்டம் வரல.

ஃபைனல் ஃபேன்டஸி 14 பண்ணது இதுக்கு நேர் எதிர். 2010ல வந்த முதல் வடிவம் படு மோசம், ஒரு பூத்தொட்டிக்கு பிளேயர் கேரக்டருக்கு சமமா 1,000 பாலிகன் (3டி உருவத்தை கட்டற சின்ன துண்டுங்க) செலவு பண்ணியிருந்தாங்கன்னு பின்னாடி பொறுப்பேத்த நவோகி யோஷிடாவே சொன்னார். மாசக்கணக்கா சந்தா வாங்காம, பழைய கேமுக்கு பேட்ச் போட்டுக்கிட்டே பக்கத்துல புதுசை கட்டினாங்க, பழைய உலகம் அழியறதையே கதையாக்கி 2012 நவம்பர்ல அதை மூடினாங்க, 2013 ஆகஸ்ட்ல எ ரெல்ம் ரீபார்ன்ங்கற பேர்ல புது வடிவம் வந்துச்சு. இதை பார்த்து "நாமளும் பின்னாடி சரி பண்ணிக்கலாம்"னு திட்டம் போடாதீங்க, அந்த அளவு நஷ்டத்தை தாங்கற கம்பெனிங்க ரொம்ப கம்மி. எடுத்துக்க வேண்டியது வேற, யோஷிடா நேரலையில வந்து எது உடைஞ்சிருக்கு, எப்போ சரியாகும்னு தானே சொன்னார், பழைய பிளேயரோட கேரக்டரை புது உலகத்துக்கு கொண்டு போக விட்டாங்க, இருந்து தாங்கினவங்க பேரை கிரெடிட்ஸ்ல போட்டாங்க. இதுக்கு பெரிய பட்ஜெட் தேவையில்ல, எந்த ஸ்டூடியோவும் முதல் மாசத்துல இருந்தே பண்ணலாம்.