உயிர்ப்படலத்தைத் தடுக்கும் சிறு மூலக்கூறுகளைச் சோதிக்கும் முறை

சுங்கை சிப்புட் தோட்டப்புற வீடுகளில், சில நாள்கள் தேய்க்காத தண்ணீர்த் தொட்டியின் உட்சுவர் வழவழப்பாக இருப்பதைக் கையால் தடவிப் பார்த்திருப்போம். பாக்டீரியாக்கள் சுவரில் ஒட்டி, தாமே சுரக்கும் பசைக்குள் கூட்டமாக வாழ்வதே உயிர்ப்படலம். ரப்பர்ப்பாலில் அம்மோனியா கலப்பது பாக்டீரியாவை ஒடுக்கிப் பால் உறையாமல் காப்பதற்கு. நாம் இங்கே தேடுவதோ, பாக்டீரியாவை வளரவிட்டு, அது சுவரில் குடியேறுவதை மட்டும் தடுக்கும் மூலக்கூறு. டெலிசியா புல்க்ரா என்னும் ஆஸ்திரேலியச் செம்பாசியில் உள்ள ஃபுரனோன்கள் என்னும் சேர்மங்கள், பாக்டீரியாக்களுக்கிடையிலான வேதிச் சமிக்ஞையைக் குழப்பி இவ்வாறு செயல்படுகின்றன.

ஆறாம் படிவ ஆய்வுக்கு, இலவங்கப்பட்டையின் மணத்துக்குக் காரணமான சின்னமால்டிஹைடு போதும். தீங்கற்ற ஈகோலை கே-12 பாக்டீரியா வகையை மட்டுமே, ஆசிரியர் மேற்பார்வையில் பயன்படுத்துங்கள். தொட்டியில் சுரண்டி எடுத்ததை வளர்க்க வேண்டாம்.

முதலில், சின்னமால்டிஹைடின் செறிவைப் படிப்படியாகப் பாதியாக்கிக்கொண்டே சென்று, பாக்டீரியா இட்ட ஊட்டக் குழம்பு கலங்காமல் தெளிவாக நிற்கும் மிகக் குறைந்த செறிவைக் கண்டறியுங்கள். பாக்டீரியா வளர வேண்டும் என்பதால், உண்மையான சோதனையை அந்தச் செறிவின் பாதி, கால், அரைக்கால் அளவுகளில் செய்ய வேண்டும். அது தண்ணீரில் எளிதில் கரையாது என்பதால் டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) என்னும் கரைப்பானில் கரைத்து, குழம்பில் டிஎம்எஸ்ஓ 1 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னமால்டிஹைடு சேர்க்காத ஒப்பீட்டுக் குழாயிலும் அதே அளவு டிஎம்எஸ்ஓ இருக்க வேண்டும். சின்னமால்டிஹைடு ஆவியாகிப் பக்கத்துக் குழாய்க்கும் பரவக்கூடியது. எனவே மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

கண்ணாடிக் குழாய்களை 30 பாகை செல்சியசில் 24 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். நம் ஊர் வெப்பமே ஏறக்குறைய அதுதான். ஒப்பீட்டுக் குழாயில் படலம் மெலிதாக இருந்தால் 48 மணி நேரம் வரை விடலாம்.

பலர் சறுக்குவது அடுத்த படியில்தான்: குழம்பைக் கொட்டுவதற்கு முன், 600 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அதன் கலங்கலை அளக்க மறந்துவிடுகிறார்கள். வளர்ச்சி குறைந்ததால் படலம் குறைந்ததா, வளர்ச்சி குறையாமலே படலம் குறைந்ததா என்பதை அந்த எண் இல்லாமல் சொல்லவே முடியாது. அளந்தபின் குழாயை மெதுவாக அலசி, 0.1 விழுக்காடு கிறிஸ்டல் வயலட் என்னும் ஊதாச் சாயத்தை ஊற்றி 15 நிமிடம் விட்டு, மீண்டும் அலசிக் கவிழ்த்து உலர்த்துங்கள். ஒட்டிய சாயத்தை 30 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தில் கரைத்து 550 நானோமீட்டரில் அளக்கலாம். ஒவ்வொரு செறிவுக்கும் மூன்று குழாய்களாவது வேண்டும்.

பாக்டீரியா பட்ட குழம்பு, அலசிய நீர், குழாய் அனைத்தையும் 121 பாகையில் 15 நிமிடம் அழுத்தக் கலனில் வேகவைத்த பிறகே அப்புறப்படுத்துங்கள்.