சால்மனுக்காக ஓடையில் மரம் போடுவது எப்படி

வேரோடு பெயர்த்த முழு மரங்களைக் கொண்டுவந்து ஓடைக்குள் கிடத்துவதுதான் என் வேலை. இடம், அமெரிக்காவின் ஒரெகன் மாநிலக் கடற்கரை மலைத்தொடர். யாருக்காக என்றால் கோஹோ சால்மன் மீனுக்காக. இங்குள்ள கோஹோ, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களைக் காக்கும் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது.

1880-களிலிருந்து 1950-கள் வரை, வெட்டிய மரங்களை ஆலைக்கு அனுப்ப ஓடைகளில் தற்காலிக அணை கட்டி, நீரைத் தேக்கி, ஒரே மூச்சில் திறந்துவிட்டார்கள். சரளை எல்லாம் அடித்துக்கொண்டு போய்ப் பல ஓடைகளில் வெறும் பாறைத்தளம்தான் மிஞ்சியது. அப்புறம், கிடக்கும் மரங்கள் மீனுக்குத் தடை என்று நம்பி மீன்வளத்துறைகளே 1970-கள் வரை அவற்றை அகற்றின. கோஹோ குஞ்சு கடலுக்குப் போகுமுன் ஓராண்டுக்கு மேல் ஓடையிலேயே வளர வேண்டும். மழைக்கால வெள்ளத்தில் ஒதுங்கி நிற்க, கிடக்கும் மரங்களால் உண்டாகும் மடு இல்லாவிட்டால் அது என்ன செய்யும்?

முதலில் இடம். சரிவு 3 சதவீதத்துக்குக் கீழே, பள்ளத்தாக்கு அகலமாக, வெள்ளம் பக்கவாட்டில் ஏறிப் பரவ இடம் உள்ள ஓடையாகத் தேடுங்கள். மேலேயிருந்து சரளை வரவேண்டும். கீழே சாலைக்கு அடியில் மீன் ஏற முடியாத நீர்க்குழாய் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பாலமோ வீடோ பக்கத்தில் இருந்தாலும், ரப்பர் படகில் போகிறவர்கள் வரும் ஆறாக இருந்தாலும், பொறியாளர் கணக்குப் போடாமல் ஒரு கிளையைக்கூட இறக்காதீர்கள். குறுக்கே கிடக்கும் மரத்தில் படகு சிக்கினால் ஆள் தப்புவது கஷ்டம்.

அடுத்து, கரை நிறைந்து ஓடும்போது ஓடைக்கு எவ்வளவு அகலம் என்று அளக்க வேண்டும். கோடையில் தெரியும் நீரின் அகலத்தை அளந்து ஏமாறாதீர்கள். பாசி முடிந்து நிலத்துச் செடிகள் தொடங்கும் கோடு, சரளை முடிந்து மண் தொடங்கும் இடம், கரை சட்டென மட்டமாகும் விளிம்பு: இந்த மூன்றும் சேருமிடத்தில் நாடாவைப் பிடியுங்கள். ஒரெகனில் நாங்கள் பின்பற்றும் கணக்குப்படி, வேர்த்தூர் இல்லாத மரம் அந்த அகலத்தைப்போல் 2 மடங்கு நீளம் இருக்க வேண்டும். தூரோடு இருந்தால் 1.5 மடங்கு போதும். 20 அடி அகல ஓடைக்குத் தூரோடு 30 அடி மரம். டக்ளஸ் ஃபிர், சீடார் இரண்டும் பல பத்தாண்டுகள் தாங்கும். ஆல்டர் சில ஆண்டுகளிலேயே உளுத்துவிடும். அதை இடைவெளி நிரப்ப மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி வேலையைக் குளிர்காலத்திலேயே தொடங்குங்கள். நில உரிமையாளரின் எழுத்துச் சம்மதம், மாநில நிலத்துறை, ராணுவப் பொறியாளர் பிரிவு, மீன்வளத்துறை எல்லாம் வேண்டும். பெரும்பாலான கடற்கரை ஓடைகளில் ஜூலை 1 முதல் செப்டம்பர் 15 வரைதான் நீருக்குள் வேலை செய்யலாம். உங்கள் வட்டாரத்தில் நீர்ப்பிடிப்புக் குழு இருந்தால் அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். பணத்துக்கு எங்கே விண்ணப்பிப்பது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இனி மரத்தைக் கிடத்துவது. மடுவைத் தோண்டப்போவது தண்ணீர். மரம் அதற்குக் கொடுக்கும் கருவி. எனவே வெள்ளம் எந்தப் பக்கமிருந்து வந்து எதன்மேல் மோதும் என்பதை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எக்ஸ்கவேட்டர் ஓட்டுநருக்குக் கைகாட்டுவேன். முதல் மரம்: தூர் ஓடைக்குள், நீர் வரும் திசையைப் பார்த்து; தண்டு, கரையில் உயிரோடு நிற்கும் இரண்டு பெரிய மரங்களுக்கு நடுவே செருகியிருக்க வேண்டும். இரண்டாவது அதன்மேல் குறுக்கே. மூன்றாவது இரண்டையும் அழுத்திப் பூட்டுவதுபோல, பாதிக்கு மேல் கரையிலேயே. அப்புறம் கிளையும் தழையுமாக இடுக்குகளில் தாராளமாகத் திணியுங்கள். குஞ்சுகள் ஒளிவது அங்கேதான்.

மிதப்பு விசையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 40 அடி நீளம், 2 அடி விட்டமுள்ள மரத்தின் கன அளவு ஏறக்குறைய 125 கன அடி. முழுக்க மூழ்கினால் அது விலக்கும் நீர் 7,800 பவுண்டு. காய்ந்த டக்ளஸ் ஃபிர் மரத்தின் எடையோ 4,100 பவுண்டுதான். மிச்சம் 3,700 பவுண்டு விசை அதை மேலே தள்ளும். அதை அடக்குவது மேலே கிடக்கும் மரங்களின் எடை, கரை மரங்களின் பிடி, தேவைப்பட்டால் பாறாங்கல். பாறாங்கல்லும் நீருக்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடை இழக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். இரும்பு வடம் போட்டுக் கட்டுவதை நான் முடிந்தவரை தவிர்ப்பேன். மரம் மக்கிப்போன பிறகும் வடம் ஓடையில் தொங்கிக்கொண்டிருக்கும். பாலத்துக்கு ஆபத்தில்லாத இடத்தில் மரம் கொஞ்சம் நகர்ந்து தானாக உட்காரட்டும், நல்லதுதான்.

எந்திரத்தில் தாவர எண்ணெய் வகை ஹைட்ராலிக் எண்ணெயே இருக்கட்டும். கரையைத் தோண்டும் வேலை இருந்தால், உரிமம் பெற்ற மீனியலாளர் முதலில் வலை கட்டி மீன்களை அப்புறப்படுத்த வேண்டும். பூட்ஸைத் தேய்த்துக் கழுவிக் காயவைக்காமல் அடுத்த ஓடைக்குப் போகாதீர்கள். வெளியிலிருந்து வந்து பரவும் நியூசிலாந்து மண்நத்தை அதில் ஒட்டிக்கொண்டு போய்விடும்.

முதல் மழைக்காலம் முடிந்ததும் போய்ப் பாருங்கள். தூரின் முன்னால் தண்ணீர் கீழிறங்கிச் சுழன்று குழி பறித்திருக்கும். நீர் தளர்ந்த மேல்பக்கத்தில் சரளை தங்கியிருக்கும். மடுவின் வால்பகுதியில், ஆழம் குறைந்து நீர் வேகமெடுக்கும் இடத்தைக் கவனியுங்கள்: அங்கே நீர் சரளைக்குள் ஊடுருவி ஓடுவதால் முட்டைக்கு உயிர்வளி கிடைக்கும். இலையுதிர்காலத்தில் பெண் கோஹோ வாலால் அடித்துக் குழி பறிப்பது பெரும்பாலும் அத்தகைய இடத்தில்தான். மடுவின் உச்ச ஆழத்திலிருந்து வால்பகுதி விளிம்பின் ஆழத்தைக் கழித்து எழுதிவையுங்கள். நீர் கூடினாலும் குறைந்தாலும் இந்த எண் மாறாது. அதனால் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடலாம். மரங்களில் எண் பொறித்த அலுமினியத் தகடு அடித்து, ஒரே இடத்தில் நின்று படமெடுங்கள்.

கரையில் சீடாரும் ஸ்ப்ரூஸும் நடுங்கள். நாம் போட்ட மரங்கள் மக்கிய பிறகு ஓடைக்குள் தானாக விழப்போவது அவைதான். சீடார் தளிர் என்றால் மானும், எல்க் என்ற பெரிய மானும் விடாது, பீவர் என்ற மரம் கொறிக்கும் விலங்கு உலவும் கரையில் அது தண்டையே கடித்துவிடும். ஒவ்வொரு கன்றுக்கும் கம்பிவலைக் கூண்டு போட்டு, இரண்டு குச்சி அடித்துக் கட்டுங்கள். நுனி எல்க்கின் வாய்க்கு எட்டாத உயரம் போனதும் வலையைத் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் அது தண்டை நெரிக்கும்.